சுபைறா ரீச்சரின் யூத மணப்பெண்கள்

யூதர்களைப் பற்றிச் சுபைறாவுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு வழியாக வந்தவை. ஒன்று, சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் கேட்ட மூஸா நபியின் வரலாறு. மற்றது, வானொலிச் செய்தியில் வரும் சண்டை. இந்த இரண்டிலும் சரிகை வேலை செய்த மணச்சட்டை உடுத்திக் கதிரையில் குந்தியிருக்கும் பெண்கள் யாரும் வந்ததில்லை.

1977ஆம் ஆண்டுக் கடைசியில் அப்படி ஒருத்தி அவள் கைக்கு வந்து சேர்ந்தாள். கணவன் பளீல் நெல் விற்ற அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்தார். திரும்பும்போது மருதானை நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பி வைத்திருந்தவனிடம் ஒரு தையல் புத்தகம் வாங்கி வந்தார். சுபைறா கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் தையல் படிப்பிப்பவள். கொழும்புக்குப் போனால் அவளுக்கென்று ஏதாவது கொண்டு வருவது பளீலின் வழக்கம். புத்தகம் பிரெஞ்சு மொழியில் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. படங்களைப் பார்த்து வாங்கியிருந்தார்.

புத்தகத்தின் நடுவில், எந்தக் காலத்திலோ யாரோ அடையாளத்துக்குச் செருகி மறந்துபோன ஒரு தபாலட்டை இருந்தது. பழுப்பேறிய புகைப்படம். வெல்வெட் சட்டை போட்ட மணப்பெண். மார்பில் இரண்டு பக்கமும் சரிகை சுருள் சுருளாக ஓடியது. கைகளில் மருதோன்றி. பார்வை நிலத்தில். அடியில் ஏதோ அச்சிட்டிருந்தது.

பாண்டிருப்பிலிருந்து வந்து அதே பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்த கனகேஸ்வரி, அந்த அட்டையை வாங்கிக்கொண்டுபோய்ப் பிரெஞ்சு தெரிந்த கன்னியாஸ்திரி ஒருவரிடம் காட்டிவிட்டு அடுத்த நாள் திரும்பக் கொண்டு வந்தாள்.

"இது மொறோக்கோவாம் ரீச்சர். யூத மணப்பெண் எண்டு எழுதிக் கிடக்காம்."

"யூதப் பொம்பிளையா?"

"ஓம். சிஸ்டர் ரெண்டு தரம் பாத்துத்தான் சொன்னவ."

சுபைறா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "நம்மட பொண்ணுப்புள்ள மாதிரியே இரிக்காள்" என்றாள்.

அவளைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சரிகைதான். நூல் துணிக்குள் போகவில்லை. துணிக்கு மேலே மேடாக எழுந்து நின்றது. அது எப்படி என்று பெருப்பிக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து, மெல்லிய மட்டையை வடிவாக வெட்டித் துணியில் வைத்து, அதன்மேல் சரிகையை இப்படியும் அப்படியும் ஓட்டி, ஓரங்களில் மட்டும் சாதாரண நூலால் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். ஒரு வெல்வெட் துண்டில் செய்தும் பார்த்தாள். வந்தது. அன்றிலிருந்து அப்படிப்பட்ட அட்டைகள் இன்னும் எத்தனை உலகத்தில் கிடக்கும் என்ற எண்ணம் அவளை விடவில்லை.

உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "போயும் போயும் யூதன்ட படத்தையா ஊட்டுக்குள்ள வெச்சிருக்காய்?"

"மூஸா நபிட உம்மத்துச் சனந்தானே உம்மா."

"அது அந்தக் காலம்."

"இதுவும் பழைய தபால் காட்தான்" என்று சொல்லிவிட்டுச் சுபைறா அலுமாரியைப் பூட்டினாள்.

அந்த நாட்களில் ஆங்கிலப் பத்திரிகையொன்றில் வாரம் ஒருமுறை பேனா நண்பர் பக்கம் வரும். கனகேஸ்வரியின் உதவியோடு அதில் நான்கு வரி போட்டாள். பழைய யூதத் திருமணப் படங்கள் உள்ள தபாலட்டைகள் தேவை. பதிலுக்குக் கைவேலை செய்த லேஞ்சிகள், அதாவது கைக்குட்டைகள், அனுப்பப்படும். யார் பதில் எழுதப் போகிறார்கள் என்று கனகேஸ்வரி சிரித்தாள். பத்திரிகை எங்கெங்கோ கைமாறிப் போய், மாதங்கள் கழிந்து, மெல்போர்னிலிருந்து எஸ்தர் என்றொரு மூதாட்டி எழுதினார். அவர் கல்கத்தாவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் பக்தாத்திலிருந்து வந்த யூதர்கள். முதல் உறையில் பக்தாத் பெண்கள் மூவர் நிற்கும் அட்டையை வைத்திருந்தார். கல்கத்தாவில் தங்கள் வீட்டுக் கலியாணங்களுக்கு முதல் நாள் மருதோன்றி இடுவோம், உங்கள் ஊரிலும் உண்டா என்று கேட்டிருந்தார். சுபைறா ஓரத்தில் பூவேலை செய்த இரண்டு லேஞ்சிகளை அனுப்பினாள்.

எஸ்தர் வழியாகத் தூனிஸில் ஒருவர், இத்தாலியில் ஒருவர் என்று தொடர்பு விரிந்தது. ஒரு அட்டை வர இரண்டு மாதமாகும், சிலவேளை ஆறு மாதமாகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு லேஞ்சி. ஒவ்வொரு லேஞ்சிக்கும் பல பின்னேரங்கள். 78ஆம் ஆண்டுச் சூறாவளி அவளுடைய வீட்டுக் கூரையைத் தூக்கிப்போட்டபோது, பிஸ்கட் தகரத்தில் இருந்த அட்டைகளைத் தண்ணீர் புகாத ஒயில் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிவாசல் கட்டடத்துக்கு ஓடினாள். தங்கை நதீரா உம்மாவைத் தாங்கிக்கொண்டு பின்னால் வந்தாள். அந்தத் தகரக் கதையை நதீரா பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கேட்டவர்களும் சிரித்தார்கள். சுபைறாவும் சிரிப்பதுபோல இருந்தாள்.

நதீரா சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆறு வயது இளையவள். வெள்ளை நிறம். படிப்பில் நிற்கவில்லை, தையலில் ஊசியை நேராகப் பிடிக்கவும் வராது. ஆனாலும் வீட்டுக்கு யாரும் வந்தால் முதலில் "நதீரா எங்க?" என்றுதான் கேட்பார்கள். சுபைறா சமைத்ததை நதீரா பரிமாறினால் சாப்பிட்டவர்கள் நதீராவைப் புகழ்வார்கள். இதையெல்லாம் சுபைறா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அலுமாரிக்குள் இருந்த அந்தத் தகரம்தான் நதீராவுக்குப் பங்கில்லாத முதல் பொருள். அதனால்தான் அது அவளுக்கு அவ்வளவு அருமையாக இருந்தது.

1980இல் நதீராவுக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மஜீட், வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் சமையல் பகுதியில் வேலை. அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்பிள்ளைக்குத்தான் வீடு. பழைய வீட்டைச் சுபைறாவின் கலியாணத்தின்போதே அவளுக்கு எழுதியிருந்தார்கள். நதீராவுக்கு அதே வளவில் தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பால் புதுவீடு எழும்பியது. பளபளவென்று சீமெந்து இழுத்த தரையும் முன் விறாந்தையுமாக அது எழும்ப எழும்ப, சூறாவளிக்குப் பிறகு தகடு போட்ட தன் கூரையைச் சுபைறா அடிக்கடி நிமிர்ந்து பார்த்தாள்.

ஆனாலும் தங்கையின் மணச்சட்டையை அவளே தைத்தாள். அதை வேறொருத்தியிடம் கொடுக்க அவளால் முடியாது. மொறோக்கோ மணப்பெண்ணின் மார்பில் இருந்த சுருள்களை அரக்குச் சிவப்பு வெல்வெட்டில் அப்படியே கொண்டுவந்தாள். இரண்டு மாத வேலை. விரல் நுனி மரத்துப்போனது. கலியாணத்தன்று பெண்கள் கூட்டமாக வந்து அந்தச் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"எங்க புள்ள வாங்கின?"

"ராத்தா தைச்ச" என்று நதீரா அக்காவைக் காட்டி ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். உண்மையாகவே சொன்னாள். ஆனால் அவர்கள் அடுத்துச் சொன்னது, "ஒனக்கு என்னத்தப் போட்டாலும் வடிவுதான்" என்பது. பக்கத்தில் சர்பத் தட்டோடு நின்ற சுபைறா அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனாள்.

மஜீட் வருடத்துக்கு ஒருமுறை வருவான். 1982இல் வந்தபோது பெட்டியிலிருந்து சவர்க்காரம், வாசனைத் தண்ணீர், சேலைத்துணி எல்லாம் எடுத்த பிறகு, தடித்த நீல அட்டை போட்ட அல்பம் ஒன்றையும் எடுத்தான். அன்று பின்னேரமே நதீரா அதைத் தூக்கிக்கொண்டு வேலி இடைவெளியால் சுபைறாவின் குசினிக்கு வந்தாள்.

"ராத்தா, கை கழுவிட்டு வாங்க. ஒண்டு காட்டணும்."

மேசையில் வைத்துத் திறந்தாள். சுபைறா முதல் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். தூனிஸ், அல்ஜீரியா, இஸ்மீர், யெமன். நூறுக்குக் குறையாத அட்டைகள். அவள் பெயரை மட்டும் கேள்விப்பட்டு, எஸ்தருக்கு மூன்று தரம் எழுதியும் கிடைக்காத சலோனிக்கா யூதப் பெண்கள் அங்கே ஒரு பக்கம் முழுக்க இருந்தார்கள். மென்மயிர் விளிம்பு வைத்த மேலங்கி, முதுகில் தொங்கும் முத்துவேலைத் தலைத்துணி. முத்துகள் எந்த ஒழுங்கில் கோத்திருக்கின்றன என்பதுகூடத் தெரிந்தது.

"எங்கால?" என்று கேட்டாள். குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"மார்செய் எண்ட துறைமுகத்துல ஞாயித்துக்கிழமைச் சந்தையாம். கப்பல் ரெண்டு நாள் நிண்டயாம். பழைய சாமான் விக்கிற கிழவன் ஒருத்தன் மொத்தமாக் குடுத்தயாம்."

இரண்டு நாள் கப்பல் நின்ற இடத்தில், ஒரு காலைப்பொழுதில். சுபைறா தன் ஐந்து வருடத்தை நினைத்தாள். தபால்கந்தோருக்கு நடந்த நடை, மரத்த விரல், வராமல் போன உறைகள். நெஞ்சுக்குள் ஏதோ சூடாக ஏறியது. அதை அடக்குவதற்குள் வாய் திறந்துவிட்டது.

"இதெல்லாம் பிந்தி அடிச்ச கொப்பி, புள்ள. பழசில்ல. மஜீட நல்லா ஏமாத்திப்போட்டானுகள்."

அது பொய் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரியும். சில அட்டைகளின் ஓரத்தில் தெரிந்த பழைய தபால் முத்திரைகளே போதும். நதீரா அல்பத்தின் மேல் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூடி எடுத்துக்கொண்டாள்.

"பறவாயில்ல. எனக்கு வடிவாத்தான் இரிக்கி" என்றாள்.

அதன் பிறகு அல்பம் நதீராவின் முன்னறையில், கண்ணாடி அலுமாரியில், பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் காட்டினாள். கனகேஸ்வரிகூட ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "என்ன ரீச்சர், உங்கட தங்கச்சிட்ட இருக்கிறது வேற தரமா இருக்கு" என்றாள். சுபைறா சிரித்து, தையல் பெட்டியை மூடுவதுபோலக் குனிந்தாள்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. சுபைறா தங்கையின் வீட்டுக்குப் போவதைக் குறைத்தாள். போனால் கண்ணாடி அலுமாரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஆனால் நதீரா தேநீர் ஊற்றக் குசினிக்குப் போகிற இடைவெளியில் எழுந்துபோய் அல்பத்தைத் திறந்து சலோனிக்காப் பக்கத்தைப் பார்ப்பாள். காலடிச் சத்தம் கேட்டதும் மூடுவாள். எந்தப் பக்கத்தில் எது என்று அவளுக்கு மனப்பாடம். தன் தகரத்தைத் திறக்க மனம் வரவில்லை. ஒருநாள் திறந்து, எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்துவிட்டு, "என்னடா இது, ஒண்டும் இல்லியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த பளீல் கண்ணைத் திறந்தார்.

"அங்க நூறு இரிந்தா இங்க இரிக்கிறது குறையுமா?"

"ஒங்களுக்கு விளங்கா."

"விளங்குது" என்று சொல்லி அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

1984இல் இஸ்ரேலியருக்குக் கொழும்பில் அலுவலகம் திறக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. ஊர் கொதித்தது. ஜும்ஆப் பிரசங்கங்களில் அதுதான் பேச்சு. சுவர்களில் எழுதினார்கள். யூதன் என்ற சொல்லை ஆட்கள் மெல்லச் சொல்வதில்லை. சுபைறா எஸ்தருக்குக் கடிதம் போடுவதை நிறுத்தி வைத்தாள்.

அந்த நாட்களில் ஒரு வியாழக்கிழமை, ஆசிரியர் அறையில், இஸ்லாம் பாடம் படிப்பிக்கும் றாபியா கேட்டாள். கேட்டதில் குத்தல் இல்லை, கதை அறியும் விடுப்புத்தான்.

"ரீச்சர், நீங்க ஏதோ யூதப் படமெல்லாம் சேக்கிறீங்களாமே, உண்மையா?"

அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சுபைறா மேசையில் கிடந்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

"என்னட்ட என்ன இரிக்கி. தையலுக்கெண்டு ரெண்டு மூண்டு படம். நிறையப் பாக்கணுமெண்டா என்ட தங்கச்சி ஊட்டுக்குப் போங்க. அல்பம் நிறைய வெச்சிருக்காள்."

பயத்தில் சொன்னது என்று அன்று முழுக்கத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். பயமும் இருந்தது. ஆனால் அந்த அல்பம் என்ற சொல் வாயிலிருந்து வெளியேறியபோது, இரண்டு வருடமாக உள்ளே குத்திக்கொண்டிருந்த முள்ளொன்று கழன்று விழுந்ததுபோல ஒரு சுகம் வந்ததே, அது பயத்தால் வருவதில்லை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பளீல் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே விறாந்தையில் நின்றார்.

"நதீரா ஊட்டுக்கு நாளைக்குப் பள்ளிவாசல் மரைக்கார்மார் வருவாங்களாம். இஸ்ரேல்ல இருந்து வந்த படம் வெச்சிருக்காளெண்டு கதை. மஜீடும் கப்பல்ல. ஆம்பிள இல்லாத ஊடு, நான் போய் நிக்கிறன்."

"ஆரு சொன்னயாம்?"

"பள்ளிக்கூடத்தால வந்த கதையாம்." அவர் அவளை நேராகப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

அடுத்த நாள் காலையில் சுபைறா வேலி இடைவெளியால் போனாள். நதீரா முன்னறையில் தரையில் இருந்தாள். அல்பம் மடியில். அழவில்லை, ஆனால் முகம் வெளிறியிருந்தது.

"எரிச்சுப் போடட்டா ராத்தா? அவங்க வாறதுக்கு முந்தி எரிச்சா ஒண்டும் இல்லையெண்டு சொல்லலாம்."

சுபைறாவுக்குச் சலோனிக்காப் பக்கம் கண்ணில் வந்தது. "எரிக்காத" என்றாள் வேகமாக. பிறகு, "என்னத்துக்கு புள்ள நீ இதெல்லாம் வாங்கின? ஒனக்கு இதுல என்ன இரிக்கி?" என்று கேட்டாள். அந்த நேரத்தில்கூட அந்தக் கேள்விதான் வந்தது.

நதீரா தலையை நிமிர்த்தினாள். "எனக்கா? நான் எனக்கு வாங்கச் சொன்னனெண்டா நினைக்கிறீங்க? ராத்தா சூறாவளியிலயும் தகரத்தத் தூக்கிட்டு ஓடினவ, எங்கயாவது கண்டா ராத்தாக்கு வாங்கிட்டு வாங்க எண்டு நாந்தான் அவருக்கு எழுதின. அவரு நாலு துறைமுகத்துல தேடினயாம். அண்டைக்கு ஒங்களுக்குத் தரத்தான் குசினிக்குக் கொண்டுவந்த. நீங்க கொப்பி எண்டு சொன்னீங்க."

சுபைறா தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன் அப்ப சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? கொப்பி எண்டு சொன்ன சாமான எப்பிடிக் கையில தாற? அவரையும் ஏமாளி எண்டு சொல்லிட்டீங்க. எனக்கு வந்த கோவத்துல நானே வெச்சுக்கிட்டன்." அவள் அல்பத்தின் ஓரத்தைத் தடவினாள். "பள்ளிக்கூடத்துல ஆரு சொன்ன எண்டு தெரியுமா ராத்தா?"

"நான்தான்."

நதீரா அல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மூன்று பேர் வந்தார்கள். தலைவர் மீராமுகைதீன் மரைக்கார் நெல் ஆலை வைத்திருந்தவர். பாரமான உடம்பு, மெல்லிய குரல். பளீல் அவர்களை உட்கார வைத்தார். பெண்கள் இருவரும் உள்வாசல் சேலைமறைப்புக்குப் பின்னால் நின்றார்கள்.

"மகள், ஏதோ படம் இரிக்கெண்டு கேள்விப்பட்டம். பயப்படாம எடுத்துத் தாங்க. பாத்துட்டுப் போறம்" என்றார் மரைக்கார்.

நதீரா அசையவில்லை. சுபைறா அவளுடைய கையிலிருந்து நழுவப்போன அல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் இழுத்து விட்டு, மறைப்பை விலக்கி வெளியே வந்தாள்.

"இது தங்கச்சிட இல்ல மரைக்கார். என்ட. மஜீட் எனக்கெண்டு கொண்டுவந்த. இங்க வெச்சிருந்த, அவ்வளவுதான்."

"ரீச்சர்டயா?"

"ஓம். என்ட."

அந்தச் சொல்லை இரண்டாம் முறை சொன்னபோது அவள் மனதுக்குள் ஒரு சந்தோசம் எழுந்தது. தங்கையைக் காப்பாற்றத்தான் வந்திருந்தாள். ஆனாலும் நூறு அட்டைகளும் கையில் கனக்க, எல்லோர் முன்னிலையிலும் அது தன்னுடையது என்று சொல்வது இனித்தது. அதை உணர்ந்ததும் அவளுக்குக் காது சூடேறியது.

மரைக்கார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைத் திருப்பினார். கூட வந்தவர்களில் ஒருவர், "இதில பாக்க என்ன இரிக்கி, எரிச்சிட்டா சரி" என்றார். மரைக்கார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"இது இஸ்ரேலா?"

"இல்ல. மொறோக்கோ, தூனிஸ், பக்தாத். இது அந்த நாடு உண்டாகிறதுக்கு முந்தி அடிச்ச காட். முஸ்லிம் ஊர்கள்ல இரிந்த யூதக் குடும்பங்கள். நான் தையல் வேலைக்காகச் சேக்கிற."

அவர் இன்னும் இரண்டு பக்கம் பார்த்தார். "நம்மட பொண்டுகள்ற உடுப்பு மாதிரித்தான் கிடக்கு" என்றார். அல்பத்தை மூடினார். "ரீச்சர், நான் ஒண்டும் பிழை சொல்லல்ல. ஆனா ஊர் சூடா இரிக்கி. அலுமாரில வெச்சு ஆருக்கும் காட்டாதீங்க. உள்ளுக்கு வைங்க. ஆரும் கேட்டா நாங்க பாத்திட்டம் எண்டு சொல்லுங்க."

தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பளீல் வாசல் படலைவரை கூடப் போனார். அல்பம் கதிரையில் கிடந்தது. நதீரா வெளியே வந்து அதைத் தூக்கிச் சுபைறாவின் கையில் வைத்தாள்.

"ஒங்கட எண்டு சொல்லிட்டீங்க. கொண்டு போங்க."

"நதீரா..."

"கொண்டு போங்க ராத்தா. எனக்கு வேல கிடக்கு."

அடுத்த கிழமை வேலி இடைவெளி புதுக் கிடுகு வைத்து அடைக்கப்பட்டிருந்தது.

இப்படித்தான் சுபைறாவுக்கு அந்த அல்பம் கிடைத்தது. இரண்டு வருடம் ஏங்கிய பொருள். பூட்டிய அறையில் வைத்து ஒருநாள் திறந்தாள். சலோனிக்கா முத்துகளின் வரிசையைக் காகிதத்தில் வரைந்தாள். பாதியில் பென்சிலை வைத்துவிட்டாள். அதன் பிறகு அல்பம் தகரத்தோடு ஒரே தட்டில் மாதக்கணக்காகத் திறவாமல் கிடந்தது. நதீராவின் முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வேலியைத் தாண்டி வரும். யார் வந்திருக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சுபைறா சோற்றுப்பானைக்கு முன்னால் நிற்பாள். முன்பு தங்கையின் பொருளைப் பார்த்துப் புழுங்கினாள். இப்போது, அந்தப் பொருள் இல்லாமலும் அவளால் சிரிக்க முடிகிறதே என்று புழுங்கினாள்.

85ஆம் ஆண்டுச் சித்திரையில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே கலவரம் மூண்டது. கனகேஸ்வரி பாடசாலைக்கு வருவது நின்றது. பிறகு மட்டக்களப்புக்கு மாற்றம் எடுத்துப் போனாள். உம்மா அந்த வருடம் கண்ணை மூடி மௌத்தானார். மையித்து வீட்டில் அக்காவும் தங்கையும் ஒரே பாயில் இருந்தார்கள், ஊருக்காகக் கதைத்தார்கள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்து, சட்டி பானைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, நதீரா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சுபைறாவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ராத்தா, அந்தப் பல்லுக் குத்துக்காறிய ஒருக்காக் காட்டுங்க."

"ஆர?"

"அல்பத்துல. கன்னத்துல கை வெச்சிருப்பாளே."

சுபைறாவுக்கு யாரென்று புரியவில்லை. அல்பத்தை எடுத்துக் கொடுத்தாள். நதீரா கட்டிலில் உட்கார்ந்து, தேடாமலே பக்கத்தைத் திறந்தாள். இஸ்மீரில் எடுத்த ஒரு குடும்பப் படம். பின்வரிசையில் ஒரு பெண் கன்னத்தில் கையூன்றி நின்றாள்.

"இவளுக்குப் பல்லுக் குத்து. வலியோட, படம் எடுக்கிறவன் எப்ப முடிப்பானெண்டு நிக்கிறாள். இந்தக் கிழவி இவட மாமி. இவளுக்கு மருமகளக் கண்ணுல காட்டக் கூடா. இங்க பாருங்க, கண்ண." பக்கத்தைத் திருப்பினாள். "இவ பொய்க்காறி. இந்த நகையெல்லாம் இரவல். இவ பாவம், மாப்பிள்ளைய இன்னும் காணல்ல. இவ என்னப்போல, சிரிப்ப அடக்க ஏலாம நிக்கிறாள்."

சுபைறா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் அவள் மனப்பாடமாக வைத்திருந்த அட்டைகள். எந்தச் சட்டையில் எத்தனை சுருள் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் இந்தப் பெண்ணின் கை கன்னத்தில் இருப்பதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. கையின் கீழிருந்த சட்டைக்கை வேலையை மட்டும் கண்டிருந்தாள்.

"நீ இதெல்லாம் பாத்தியா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருசம் ஊட்ட தனிய இரிந்தன் ராத்தா. அவரு கப்பல்ல. புள்ளையும் இல்ல. இவளுகளோடதான் கதைச்சுக்கிட்டு இரிந்த."

சுபைறாவுக்கு நெஞ்சில் பழைய சூடு மறுபடி ஏறியது. சரிகையை அவள் உழைத்துக் கண்டுபிடித்தாள். இவள் சும்மா பார்த்து முழு மனிதரையே கண்டுபிடித்திருக்கிறாள். அதுவும் இவளுக்கே வாய்த்திருக்கிறது. ஆனால் இந்த முறை அதை அவள் வாய்வரை வரவிடவில்லை. பக்கத்தைத் திருப்பி, "இந்தப் பக்கத்தில இரிக்கிறவ ஆரு?" என்று கேட்டாள். நதீரா நெருங்கி உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.

மறுமாதம் சுபைறா எஸ்தருக்கு மீண்டும் எழுதினாள். தங்கை சொன்ன பல்லுக் குத்துக்காறி, பொய்க்காறிக் கதைகளையும், யார் சொன்னது என்று பெயர் போட்டு, தன் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினாள். பதில் நீளமாக வந்தது. எஸ்தர் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்ததாக எழுதியிருந்தார். தன் பெரியம்மாவும் இரவல் நகையோடுதான் படத்துக்கு நின்றார் என்று எழுதியிருந்தார். கல்கத்தாவில் எடுத்த தன் வீட்டுப் படமொன்றை வைத்து, இதில் இருப்பவர்களைப் பற்றி நதீரா என்ன சொல்கிறாள் என்று கேட்டு அனுப்பச் சொல்லியிருந்தார். சுபைறா கடிதத்தோடு அனுப்பிய லேஞ்சியைப் பற்றி அதில் ஒரு வரிதான் இருந்தது.

சுபைறா அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு விறாந்தைக்கு வந்தாள்.

"அந்த லேஞ்சில மூண்டு கிழம வேல" என்றாள் பளீலிடம்.

"அதுக்கென்ன?"

"ஒண்டுமில்ல. எரிச்சலா இரிக்கி."

"ஆரோட?"

அவள் உள்ளே திரும்பினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, எஸ்தரின் படத்தை எடுத்துக்கொண்டு, வளவைச் சுற்றித் தெருப்பக்கமாகப் போய்த் தங்கையின் வீட்டுப் படலையைத் தட்டினாள்.